மட்டக்களப்பு வாவிக்கரை என்று காசு வாங்கி அம்பாறைக்கு அனுப்பியது பற்றிய முறைப்பாடு

ஹோட்டல் பதிவு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: பொசொன் போயா விடுமுறைக்குச் செய்த ஹோட்டல் பதிவு, கட்டிய 64,000 ரூபாவைத் திருப்பித் தருதல்

அன்புள்ள ஐயா அல்லது அம்மணி,

இதே விடயத்துக்காக நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். "உங்கள் முறைப்பாடு கிடைத்தது, 48 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொள்வோம்" என்று நான்குக்கும் ஒரே பதில் வந்தது. போயா முடிந்து இன்றோடு ஏழு கிழமை. ஒருவரும் தொடர்பு கொள்ளவில்லை. ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்து வாங்கியவர் யார் என்றாவது எனக்குத் தெரிய வேண்டும்.

நடந்தது உங்கள் கணினியில் இருக்கும். "குடும்ப விடுமுறை" என்று நீங்கள் விற்கும் அந்த இரண்டு இரவுப் பொதியைத்தான் எடுத்தோம். இரண்டு அறை, காலைச் சாப்பாட்டோடு 64,000 ரூபா. மட்டக்களப்பில் வாவிக்கரை அறை என்று சொல்லிக் காசு வாங்கினீர்கள். அறை கிடைத்தது அம்பாறையில். கேட்டால், "நீங்கள் போய்த் தங்கிவிட்டீர்கள், தங்கிய அறைக்குக் காசு திருப்ப முடியாது" என்று உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். போய்த் தங்கச் சொன்னதே நீங்கள்தான்.

எங்கள் வீடு கல்முனையில். வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போனால் மட்டக்களப்பு. காரைதீவால் திரும்பி சம்மாந்துறை தாண்டிப் போனால் அம்பாறை. நானும் கணவரும் ஆசிரியர்கள். என் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் நோவு, நுவரெலியா மாதிரித் தூரப் பயணம் ஏலாது. அதனால்தான் பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு நாள் ஆறுதலாக இருந்துவிட்டு வருவோம் என்று தீர்மானித்தோம். எந்த ஊர் என்பதில் வீட்டில் மூன்று கிழமை பேச்சு. கணவருக்கும் மகன்மாருக்கும் அம்பாறைதான் விருப்பம். இங்கினியாகலைக்குப் போய் சேனநாயக்க சமுத்திரத்தில் படகு எடுத்தால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காணலாம் என்று சின்னவன் படமெல்லாம் கீறி வைத்திருந்தான். அதுவும் நல்ல காரணம்தான். அம்பாறையை நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனால் அம்மா பிறந்தது மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில். கல்யாணம் கட்டிக் கல்முனைக்கு வந்தவர். மாமா தாய்வீட்டை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போன பிறகு அம்மாவுக்கு மட்டக்களப்பில் இரவு தங்க ஓர் இடம் இல்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா நிலாக் காலத்தில் தோணியில் கூட்டிக்கொண்டு போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைக்கச் சொல்வாராம். அடியில் இருந்து வீணைத் தந்தியைத் தட்டினது போல ஒரு சத்தம் வருமாம். பாடும் மீன். "மீனில்ல மனே, ஊரிதான் பாடுற" என்று அம்மா எப்போதும் திருத்துவார். ஊரி என்பது தண்ணீருக்குள் இருக்கும் ஒரு நத்தை வகை. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரைதான் அது நன்றாகக் கேட்கும், அதிலும் பௌர்ணமியை ஒட்டி. பொசொன் போயா என்பது ஆனியில் வருகிற பௌர்ணமி. அதற்காகத்தான் அந்தத் திகதி, அதற்காகத்தான் மட்டக்களப்பு. பேரப்பிள்ளைகளும் கடைசியில் அம்மம்மாவுக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டவில்லை. கட்டுவதற்கு முன் போன் எடுத்துக் கேட்டேன். உங்கள் பெண் பிள்ளை ஒருவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "வாவிக்கரை என்றால் மட்டக்களப்புத்தானே அக்கா, கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, நீங்கள் பயப்படாமல் கட்டுங்கள்" என்றார். கட்டினேன். வந்த குறுஞ்செய்தியில் ஹோட்டலின் பெயரும் "லேக் வியூ" என்ற சொல்லும்தான் இருந்தன, ஊர் இல்லை. அதே பெயரில் அதே முதலாளிக்கு இரண்டு ஊரிலும் ஹோட்டல் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும், இரண்டையும் விற்பவர்கள் நீங்கள். எனக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் வாவிக்கும் லேக், குளத்துக்கும் லேக். உங்கள் தமிழ் இணையப் பக்கத்திலும் இரண்டுக்கும் "வாவி" என்றே போட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவி முகத்துவாரத்தில் கடலோடு சேருகிற உவர்த் தண்ணீர். அம்பாறையில் இருப்பது குளம். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். வான் பிடித்துக்கொண்டு பின்னேரம் மூன்று மணிக்குக் கல்லடிக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு மேசையில் இருந்தவர் எங்கள் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "உங்கட புக்கிங் அம்பாறைப் பிராஞ்சில கிடக்கு" என்றார். கல்லடியில் ஓர் அறையும் காலி இல்லை, நீண்ட விடுமுறை. பக்கத்தில் ஐந்து இடத்தில் கணவர் ஏறி இறங்கினார், எங்கும் இல்லை. நான் உங்கள் அவசர இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு 50 நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். அம்மா ஜன்னலால் வாவியைப் பார்த்தபடி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் போனை எடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்றைக்கு இரவு ஒன்பது மணிக்குள் அம்பாறையில் செக்-இன் பண்ணாவிட்டால் முழுக் காசும் போய்விடும் மேடம். போய்ச் செக்-இன் பண்ணிவிட்டுக் கம்ப்ளெயின் போடுங்கள், ரிஃபண்ட் வரும்." இந்த வார்த்தையை நம்பித்தான் நாங்கள் போனோம். இதே செக்-இன்னைக் காட்டித்தான் இப்போது காசு இல்லை என்கிறீர்கள். முகாமையாளர் அவர்களே, இந்த ஓர் இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

கல்லடியில் இருந்து அம்பாறைக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். அந்தப் பாதை கல்முனைக்குள்ளால்தான் போகிறது. மத்தியானம் பூட்டிவிட்டு வந்த எங்கள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டி, இருட்டுப்பட்ட நேரத்தில் அதே வானில் போனோம். சாரதி வேகத்தைக் குறைத்ததும் அம்மா கண் விழித்து, "என்ன மனே, வீடு வந்திற்றா?" என்று பையைக் கையில் எடுத்துக்கொண்டார். இல்லை அம்மா, இன்னும் போகவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவர்தான் சொன்னார். அப்புறம் அம்பாறையை நெருங்க நெருங்கத் தன்சல் (இலவச அன்னதானம்) வரிசை, பொசொன் சனம், வான் நகரவே இல்லை. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

அங்கேயும் இரண்டு அறை இல்லை, ஒன்றுதான் ஒதுக்கியிருந்தார்கள். வரவேற்பில் இருந்த தம்பிக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது, எனக்குச் சிங்களம் பாதிதான். ஆனாலும் அம்மா நிற்க முடியாமல் நிற்பதைப் பார்த்து அவரே ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார், சுடச்சுட தேத்தண்ணி கொடுத்தார், ஒரு மெத்தையும் தேடித் தந்தார். உங்கள் நிறுவனத்தில் ஒருவரும் காட்டாத மனிதத்தன்மை அது. அறையின் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். குளத்தைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏற வேண்டும், அம்மாவால் ஏற முடியாது. விடிந்த பிறகு கணவர் கைத்தாங்கலாகக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்ல வடிவான குளம்தான். உப்புக் காத்து இல்லியே" என்றார். இரண்டாம் நாள் யானை பார்க்கவும் போக முடியவில்லை. வான் வேறு ஹயருக்குத் திரும்பிவிட்டது, பிள்ளைகள் அறையில் டிவி பார்த்தார்கள். இரண்டு ஊரில் ஒன்றையாவது நாங்கள் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் மேலால், நான் எழுதாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. போயா முடிந்து இரண்டாம் கிழமை, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் ஆசிரியர் அறையில் இருந்து உங்கள் இலக்கத்துக்கு எடுத்தேன். ஓர் ஆண் கதைத்தார், பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. நான் முழுவதும் விளங்கப்படுத்தினேன். அவர் சொன்னார்: "மேடம், மட்டக்களப்பும் அம்பாறையும் பக்கத்துப் பக்கத்து டவுன்தானே, என்ன வித்தியாசம்? உங்கட வீடே நடுவில இருக்கு. வீட்டிலேயே இருந்திருக்கலாமே, செலவும் இல்லை." பாடும் மீன் விடயத்தைச் சொன்னபோது சிரித்தார். சிரித்தது மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த யாருக்கோ, "மீன் பாடுறதைக் கேட்க றூம் போட்டவங்களாம்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி மட்டக்களப்புக்கு வந்து இரவில் வாவிக்குள் படகில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவே செய்தார், இலங்கை வானொலியிலும் அது போனது. உங்கள் விளம்பரப் படத்திலேயே "பாடும் மீன் நாட்டுக்கு வாருங்கள்" என்றுதானே எழுதியிருக்கிறது? அதை எழுதிக் காசு வாங்கிவிட்டு, கேட்க ஆசைப்பட்ட ஒரு வயதான தாயைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு என்ன உரிமை? அன்றைக்கு ஆசிரியர் அறையில் மற்ற ஆசிரியர்கள் பார்க்கக் கண் கலங்கி நின்றேன். அந்த ஆள் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு.

அலைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் உள்ள உங்கள் முகவர், "நாங்கள் காசு வாங்குவது மட்டும்தான், மட்டக்களப்புக் கிளைக்குப் போங்கள்" என்றார். அரை நாள் லீவு போட்டு பஸ்ஸில் போனேன். அங்கே இருந்தவர், "இதைப் பார்க்கிற அலுவலர் லீவில், திங்கட்கிழமை வாருங்கள்" என்றார். திங்கட்கிழமை திரும்பவும் லீவு போட்டுப் போனால் கிளை பூட்டியிருந்தது. கதவில் ஒரு துண்டுக் கடதாசியாவது ஒட்டியிருக்கவில்லை. அந்த வெயிலில் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, இந்தப் பாலத்தால் அம்மாவை ஓர் இரவு நடத்திக் கூட்டிக்கொண்டு போக எண்ணியிருந்தேனே என்று நினைத்து நெஞ்சு வெடித்துவிட்டது. வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் மூன்று தடவை வாங்கினீர்கள். எதற்கு வாங்கினீர்கள்?

இப்போது தயவாகக் கேட்கிறேன். 64,000 ரூபாவை முழுதாகத் திருப்பித் தாருங்கள். கல்லடியில் இருந்து அம்பாறைக்கு ஓடிய வான் கூலி 14,000 ரூபா, பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். நான் இழந்த லீவு, அலைச்சல், அதன் பிறகு அம்மாவின் முழங்காலுக்குச் செய்த வைத்தியம், பிள்ளைகளின் ஏமாற்றம் எல்லாவற்றையும் பார்த்தால் எங்களுக்கு இரண்டு லட்சம் ரூபாவுக்குக் குறையாத நட்டம். ஒரு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தது எல்லாம் போய்விட்டது. இந்த வருடம் எங்களுக்கு வேறு விடுமுறை கிடையாது.

நீங்கள் நல்ல முறையில் முடித்துத் தந்தால் நான் இதோடு விட்டுவிடுவேன், எனக்குச் சண்டை பிடிக்க விருப்பம் இல்லை. இல்லாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போகும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், நாள் இன்னும் இருக்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து என்னென்ன ஆவணம் வேண்டும் என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகும். குறுஞ்செய்தி, பற்றுச்சீட்டு, ஜெனரேட்டரின் படம், பூட்டிய கதவின் படம் எல்லாம் ஒரு கோப்பில் கிடக்கின்றன.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் இணையப் பக்கத்தில் அந்த இரண்டு ஹோட்டலின் பெயருக்கும் பக்கத்தில் ஊரின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். நேற்று இரவும் பார்த்தேன், இன்னும் "லேக் வியூ, கிழக்கு மாகாணம்" என்றுதான் இருக்கிறது. அடுத்த நீண்ட விடுமுறைக்கு இன்னொரு குடும்பம் காசு கட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
உங்கள் வாடிக்கையாளர்
கல்முனை

பி.கு: பதிலைத் தமிழில் அனுப்புங்கள், அம்மாவும் வாசிக்க வேண்டும். செப்டெம்பர் முடிய முன் காசு வந்தால் அந்தக் காசில்தான் அவரைத் திரும்பவும் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். இந்தத் தடவை அறையை நாங்களே நேரில் போய்ப் பார்த்துப் பிடித்துக்கொள்வோம்.