காம்தேக்கு முன்னால் இருவேல்பட்டு

சமூகவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சமூக மாற்றப் பாடம் நம் ஊர்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். போன வாரம் விடைத்தாள் திருத்தினேன். 'சமூக மாற்றக் கோட்பாடுகளை விளக்குக', பத்து மதிப்பெண். கட்டு முழுக்க ஒரே பதில்தான். சமூகவியலுக்குப் பெயர் வைத்த காம்தேயின் மூன்று நிலைகள், ஸ்பென்சரின் பரிணாமம், மார்க்சின் வர்க்கப் போராட்டம், ஆக்பர்னின் பண்பாட்டுப் பின்னடைவு. தலைக்கு நாலு வரி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. எல்லாம் ஒரே கைடிலிருந்து வந்தவை, பிழைகள்கூட மாறவில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்வி அப்படி.

இரண்டு வருடம் முன்பு பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வேலை கொடுத்தேன். 'உங்கள் ஊரில் நெல்லாக அளந்த கூலி எப்போது, ஏன் காசாக மாறியது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்.' திருவாரூர் பக்கத்து மாணவி ஒருத்தி நெல் அளக்கும் பழைய மரக்கால் ஒன்றையே தூக்கி வந்துவிட்டாள். வீட்டில் அதில் ரேஷன் கார்டும் போன் சார்ஜரும் போட்டு வைத்திருந்தார்களாம்.

அவள் அப்பாயி முதலில், "சங்கம் கேட்டுச்சு, குடுத்தாங்க" என்றிருக்கிறார். கொஞ்சம் யோசித்து, "இல்லடி, உன் சித்தப்பன் கூட்டாளிங்களோட திருப்பூருக்குப் போனான்ல, அப்ப அறுப்புக்கு ஆள் கிடைக்கல. அப்பறம்தான் காசு." கடைசியில், "அறுப்பு மிஷின் வந்ததும் அந்தக் காசும் போச்சு."

"இதில் எது சார் சரி?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சங்கம் என்றால் மார்க்சின் வழிவந்த முரண்பாட்டுக் கோட்பாடு, மிஷின் என்றால் ஆக்பர்ன். திருப்பூர் பஸ்ஸை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? களையெடுத்த கூலியை வாங்க அப்பாயி இன்றும் நிலக்காரர் வீட்டுக் கொல்லைவாசலுக்குத்தான் போகிறார் என்றும் அவள் சொன்னாள். கருவிகள் முன்னே ஓட, வழக்கங்கள் பின்தங்கி வருகின்றன என்று 1922-ல் ஆக்பர்ன் சொன்னது அன்றைக்குத்தான் அந்த வகுப்புக்கு உறைத்தது.

நம் முரண்பாட்டுப் பாடத்தில் இங்கிலாந்தின் ஆலைகள் இருக்கின்றன. வெண்மணி இல்லை. நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர் அது. மரக்கால் கூலி எப்படிக் காசாக மாறியது என்று சொல்ல வந்தவர்கள் அதை விட்டுவிட்டு எப்படிப் பேச முடியும்?

நான் கேட்பது புதுமையும் அல்ல. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் உள்ளிட்ட ஊர்களின் கணக்கு 1918-ல் நூலானது. 1936-37-ல் தாமஸ், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். இருவேல்பட்டுக்கு 1980களில் குகன், ஜோன் மென்ச்சர் என்ற ஆய்வாளர்கள் போனார்கள், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். தொண்ணூறு ஆண்டு மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துப் பார்க்கலாம்: ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்தது, ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் படியாள் முறை மறைந்தது, விவசாயத்துக்கு வெளியே வேலை பெருகியது. விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளே இந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்படாமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

காம்தேயை நீக்கச் சொல்லவில்லை. இருவேல்பட்டுக்கு அப்புறம் அவர் வரட்டும். மாற்றம் படிப்படியாக ஒரே திசையில் ஏறும் என்பவரை, நெல்லிலிருந்து காசுக்கும் காசிலிருந்து அறுப்பு வேலையே இல்லாமைக்கும் போன அப்பாயிக்கு எதிரே உட்கார வைத்துப் படித்தால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பத்து மதிப்பெண் கேள்வியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஓர் ஊர், ஒரு மாற்றம், மூன்று பேரின் வாய்மொழி, அவை எங்கே முரண்படுகின்றன என்று எழுதும் களப்பணி. மே மாத விடுமுறை போதும். கைடு போடுகிறவர்கள் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும், அது அவர்கள் பாடு.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்