புதுப்பிக்கும்போது பழையவற்றை வீசாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தின் பழைய கத்தோலிக்க ஆலயங்கள் புதுப்பிக்கப்படுவது குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியைப் படித்தேன். கூரையும் சுவரும் திருத்தப்படுவது நல்லதே. ஆனால் அந்த வேலையோடு மரப்பீடங்களும் சுரூபங்களும் பழைய பூசை உடைகளும் கழித்துவிடப்படுவது பெரும் இழப்பு. உலக ஆயர்கள் கூடி வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைச் சுட்டி, 'சங்கத்துக்குப் பிறகு இவை தேவையில்லை' என்று சிலர் சொல்வது தவறு. அந்தச் சங்கமே 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பெறுமதிமிக்க வழிபாட்டுப் பொருட்கள் கைமாறாமலும் சிதறாமலும் ஆயர்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்றே பணிக்கிறது. கலை, வரலாற்றுப் பெறுமதியுள்ளவற்றை விற்கவோ கொடுக்கவோ திருப்பீடத்தின் (உரோமைத் தலைமையின்) அனுமதி வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்.

எங்கள் ஆலயப் பங்கில், முற்காலத்தில் இறந்தோர் பூசையின்போது குருவானவர் அணிந்த கறுப்பு வெல்வெட் உடையொன்று தகரப் பெட்டியில் நான்காக மடித்துக் கிடந்தது. முதுகுச் சிலுவையின் வெள்ளிச்சரிகை மடிப்பு விழுந்த இடமெல்லாம் அறுந்திருந்தது. எத்தனை அழகான கைவேலை! மடிக்காமல், துவைத்த பருத்தித் துணியால் மூடிக் கிடையாக வைத்திருந்தாலே தப்பியிருக்கும். போரும் 1995 இடப்பெயர்வும் விட்டுவைத்தவை இவை. எனவே திருத்த வேலை தொடங்குமுன் ஒவ்வொரு பங்கும் தன் பொருட்களைப் படமெடுத்துப் பட்டியலிட மறைமாவட்டம் பணிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறை மாணவரின் உதவியையும் இதற்குக் கேட்கலாம்.

பங்கு மக்களில் ஒருவர்,
யாழ்ப்பாணம்