குழுநிலையில் நுழையும் திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இலங்கையில் வலுவேறாக்கம் (சட்டமன்றம், நிறைவேற்றுத்துறை, நீதித்துறை ஆகியவற்றின் அதிகாரங்களைப் பிரித்து வைத்தல்) என்றதும், பாராளுமன்றத்தை ஜனாதிபதி கலைத்தது செல்லாது என உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து வழங்கிய 2018 டிசெம்பர் 13 ஆம் திகதித் தீர்ப்பையே பலரும் எடுத்துக்காட்டுகின்றனர். நிறைவேற்றுத்துறைக்கு இட்ட அக்கடிவாளம் பெரிதுதான். ஆனால் சட்டமன்றத்துக்கு அத்தகைய கடிவாளம் இங்கு மிகத் தளர்வானது.

அரசியலமைப்பின் 121 ஆம் உறுப்புரைப்படி ஒரு சட்டமூலத்தைக் குடிமக்கள் குறுகிய நாட்களுக்குள் மட்டுமே சவாலுக்கு உட்படுத்தலாம். சபாநாயகரின் சான்றுரையோடு அது சட்டமாகிவிட்டால், 80(3) ஆம் உறுப்புரை நீதிமன்றத்தின் வாயை அடைத்துவிடுகிறது. இதனால், சவாலுக்கான நாட்கள் கடந்தபின், சட்டமூலத்தைப் பாராளுமன்றம் வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில் புகுத்தப்படும் திருத்தங்களைக் குடிமக்கள் எவரும் கேள்விக்குட்படுத்த வழியில்லை. 2017 செப்டெம்பரில், பெண் வேட்பாளர் பங்கை உயர்த்தவென வந்த மாகாண சபைத் தேர்தல் சட்டமூலம், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாக உருவெடுத்தது. அப்புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. (கட்டியவரே இடித்த வீடு!) இதனால் தேர்தல் நடத்த வழியின்றிப் போக, அதே ஆண்டு ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த எமது வடக்கு மாகாண சபை, அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஆளுநரின் கையிலேயே இருந்தது.

ஆகவே, நிறைவேறிய சட்டங்களையும் மீளாய்வு செய்யும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு வழங்குமாறு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.