கல்யாணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்து வைத்திருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. பட்டியல் மட்டும்தான் இருந்தது, சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை, ஸ்பெயினில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்ய விசா, அவசரம்.

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. உன் வகுப்பில் எல்லோரும் சான்றிதழை லேமினேட் செய்தபோது நான் விடவில்லை. உன் மாமாகூடக் கேலி செய்தார். இப்போது பார், மாநில அரசின் முத்திரையும், காகிதம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் பின்பக்கத்தில் விழ வேண்டும். லேமினேட் செய்தவர்கள் அதை உரிக்க ஆள் தேட வேண்டியதுதான்.

நீ கேட்காத ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ். காரணம் இருக்கிறது. பட்டத்தில் உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியல். பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளை பெயர். ஸ்பெயின் தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இனிஷியலைப் பற்றி என்ன தெரியும்? இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட நம்மிடம் இருக்கிற காகிதம் அது ஒன்றுதான். பெயர் பொருந்தாத ஃபைல் மேஜையை விட்டு நகராது. அப்பா அந்த மேஜையில் உட்கார்ந்து எழுந்தவன்.

வரிசையை மாற்றிவிடாதே. முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதற்கப்புறம்தான் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. முன்னாலேயே மொழிபெயர்த்தால் அப்போஸ்டிலில் இருப்பது விடுபட்டுப் போகும், மறுபடி காசு. மொழிபெயர்ப்பவரும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்தவராக இருக்க வேண்டும், யாரோ ஸ்பானிஷ் தெரிந்த தோழி போதாது. இந்தியா 2005-லேயே அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, ஸ்பெயினும் அதில் இருக்கிறது. அதனால் தூதரகத்தில் தனியாக முத்திரை வாங்கும் அலைச்சல் உனக்கு இல்லை. சித்தப்பா துபாய் போனபோது பட்ட பாடு உனக்கே தெரியும். போலீஸ் சான்றிதழைக் கடைசியில் வாங்கு, சீக்கிரம் பழசாகிவிடும். மருத்துவக் காப்பீட்டை மறக்காதே.

கம்பெனிக் கடிதத்தைப் படித்தேன். கம்பெனி ஒரு வருடமாவது நடந்திருக்க வேண்டும், நீ அங்கே மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்று விசா விதியில் கேட்கிறார்கள். உனக்கு இரண்டும் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் கடிதத்தில் 'வீட்டிலிருந்து வேலை செய்யலாம்' என்றுதான் இருக்கிறது. ஸ்பெயினில் இருந்துகொண்டு செய்யச் சம்மதம் என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கு. கடல் தாண்டி இருக்கிற கம்பெனி முகம் பார்க்காமலே உன்னை நம்பிச் சம்பளம் கொடுக்கிறது. நான் யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை, கேட்டவர்களிடம் சொல்கிறேன்.

சம்பளக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 2022 டிசம்பரில் ஸ்பெயின் கொண்டுவந்த சட்டப்படி, மாத வருமானம் அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தில் 200 சதவீதம் இருக்க வேண்டும். கூட ஒருவர் வந்தால் இன்னும் 75 சதவீதம், அதற்கு மேல் ஆளுக்கு 25. நீ அம்மாவிடம் 'எனக்கு மட்டும்தான் போடுகிறேன்' என்றாயாம். ஒருவருக்குத்தான் வருமானம் காணும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சம்பளச் சீட்டைப் பார்த்தால் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். கணக்கில் ஏதாவது விட்டுவிட்டேனா என்று சொல்.

அப்புறம், பாஸ்போர்ட்டை மாற்ற முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாயாமே. காலாவதியாக இன்னும் வருடங்கள் இருக்கின்றன, பக்கங்களும் காலியாக இருக்கின்றன. அதை எதற்கு மாற்ற? உள்ளே இருக்கும் பெயரை எடுப்பதென்றால் அதற்கென்று வேறு காகிதம் கேட்பார்கள். அந்தக் காகிதம் நம் வீட்டு பீரோவில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பார். கூப்பிட்டேன் என்று சொல். இல்லை, சொல்லாவிட்டாலும் சரி.

பட்டியல் நேரத்தில் அனுப்பத் தெரிகிறது, மற்ற நேரத்தில் நீ எங்கே இருக்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்று எங்களுக்குத் தெரிவதில்லை. அம்மா கேட்கக் கூடாது என்றாள், அதனால் கேட்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றாதே. அப்போஸ்டில் முதலில், மொழிபெயர்ப்பு பிறகு.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வந்து காகிதங்களை வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு காகிதத்துக்கும் தனிக் கட்டணம், அது பெரிய விஷயமில்லை. கல்யாணச் சான்றிதழையும் கொடுத்துவிடவா? அதற்குள் எழுது. வேண்டாம் என்றால் காரணம் எல்லாம் எழுத வேண்டியதில்லை, வேண்டாம் என்று எழுதினால் போதும். பெயர் விஷயத்துக்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட்டுப் பார்க்கலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா