அது டவுன் ஹால் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வேல்ஸ் பயணக் கட்டுரையில், பிளைனாவன் ஊரில் உள்ள ஒரு பெரிய கல் கட்டடத்தின் படத்தைப் போட்டு, கீழே ‘டவுன் ஹால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது டவுன் ஹால் அல்ல, வொர்க்மென்ஸ் ஹால். சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் உழைத்தவர்கள் கூலியிலிருந்து வாராவாரம் சில்லறைக் காசு பிடிக்கச் சொல்லி, 1890-களில் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட மன்றம். உள்ளே நூலகம், பத்திரிகை படிக்கும் அறை, பில்லியர்ட்ஸ் மேசைகள், நாடகமும் பாட்டும் நடத்தப் பெரிய அரங்கம். படத்தின் கீழே ஒரு சொல் மாறிப்போனதற்கா கடிதம் என்று கேட்கலாம். எந்தக் கட்டடம் யார் காசில் எழுந்தது என்பதுதான் அந்த ஊரின் கதை. கட்டுரையாளர் அதைக் கேட்கவே இல்லை. அதனால்தான் இரும்பு ஆலையையும் பிக் பிட் சுரங்கத்தையும் பார்த்துவிட்டு, ‘மற்றபடி ஊரில் ஒன்றுமில்லை’ என்று அவரால் முடிக்க முடிகிறது.

முதலில் முதலாளிகள் காசு. 1789-இல் ஹில், ஹாப்கின்ஸ், பிராட் என்ற மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து இரும்பு உருக்கும் உலைகளை அமைத்தார்கள். இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்திலேயே கிடைத்த மலை அது. உலைகளை ஒட்டி ஸ்டாக் ஸ்கொயர் என்ற சிறிய வீட்டு வரிசைகள் இன்றும் நிற்கின்றன. வேலை தெரிந்தவர்களை வெளியூரிலிருந்து வரவழைத்துத் தங்கவைக்கக் கட்டியவை. கம்பெனிக் கடையும் அங்கேயே இருந்தது. அந்தக் காலத்துக் கம்பெனிக் கடைகளின் வழக்கம் தெரிந்ததுதான்: கூலி ஒரு கையில் வரும், கடைக் கடனுக்கு மறு கையில் போகும்.

அடுத்து 1804-இல் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம். உள்ளே ஞானஸ்நானத் தொட்டி வார்ப்பிரும்பு, வெளியே கல்லறை மூடிகள் சிலவும் வார்ப்பிரும்பு. செத்த பிறகும் சொந்தச் சரக்கின் அடியிலேயே படுத்திருக்கிறார்கள்! பக்கத்தில் 1816-இல் சாரா ஹாப்கின்ஸ், இறந்துபோன தன் சகோதரர் சாமுவேலின் நினைவாகத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளிக்கூடம். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கான உலகப் பாரம்பரிய மையம் அதில்தான் இயங்குகிறது. முதலாளி வீட்டுப் பெண் செய்த நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளர்களில் பெரும்பாலோர் முதலாளியின் தேவாலயத்துக்குப் போகவில்லை. ஹோரெப், பெத்லகேம், மோரியா என்று பெயர் வைத்துத் தங்களுக்கென்று ஜெபக்கூடங்களை எழுப்பிக்கொண்டார்கள். கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், மேடையேறிப் பேசவும் அங்கே பழகியவர்கள்தான் பிறகு சங்கமும் மன்றமும் நடத்தினார்கள் என்பது என் எண்ணம்.

1878-இல் பாஸ்பரஸ் கலந்த இரும்புத் தாதுவிலிருந்தும் நல்ல எஃகு எடுக்கும் முறையை இங்கே கண்டுபிடித்த கில்கிறிஸ்ட் தாமஸ் பற்றிக் கட்டுரையில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் லண்டனில் நீதிமன்ற எழுத்தர் என்பதையும், அந்த முறையால் அதிக லாபம் அடைந்தவை ஜெர்மனியும் அமெரிக்காவும்தான் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறொன்று. பிக் பிட்டில் 1939-இல் கட்டிய குளியல் கூடத்தை ‘பழைய குளியலறைகள்’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டார். அதற்கு முன்பு வரை சுரங்கத்திலிருந்து வருகிறவர் கரி அப்பிய உடம்போடு வீட்டுக்கு வருவார். அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டி. தண்ணீர் தூக்குவது, கொதிக்கவைப்பது, முதுகு தேய்ப்பது, அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவது, ஈரத் துணியைக் காயவைப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில். அப்பா ஒரு ஷிஃப்ட், அண்ணன் தம்பிகள் வேறு ஷிஃப்ட் என்றால் நாள் முழுக்க இதே வேலைதான். குளியல் கூடம் வந்த பிறகு, கரித்துணிக்கு ஒரு பக்கம் லாக்கர், வீட்டுத்துணிக்கு மறு பக்கம் லாக்கர், இடையில் ஷவர். லாக்கருக்குள் சூடான காற்றைச் செலுத்தியே துணியை உலர்த்தினார்கள். ஆண்கள் குளிக்கும் இடம்தான். ஆனால் அந்த ஊரில் பெண்களின் இடுப்பைக் காப்பாற்றிய கட்டடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதற்கும் காசு வந்த வழி உண்டு. 1920-இல் வந்த சட்டத்தின்படி, வெட்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி தொழிலாளர் நலநிதிக்குப் போனது. 1926-இல், பூமிக்கு அடியில் உள்ள கரிக்கு உரிமத்தொகை வாங்கிக்கொண்டிருந்த நில உடைமையாளர்கள் மேலும் ஒரு தீர்வை விழுந்தது. அது சுரங்கங்களில் குளியல் கூடங்கள் கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

பிக் பிட் 1980-இல் மூடி, 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2000-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்புக்கே பாரம்பரிய அந்தஸ்து கொடுத்தது. ஊரில் இப்போது ஆறாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். கடைத்தெருவில் பூட்டிய கதவுகளைக் கட்டுரையாளர் பார்த்தது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வொர்க்மென்ஸ் ஹால் பூட்டிக் கிடக்கவில்லை, கட்டிய இடத்திலேயே ஊருக்குப் பயன்படுகிறது. எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஓக்டேல் என்ற ஊரில் 1917-இல் எழுந்த மன்றம் 1987-இல் மூடப்பட்டது. பிறகு அதைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி 1995-இல் திறந்தார்கள். பள்ளத்தாக்குகளில் பல மன்றங்கள் இடிந்தே போயின. அவற்றின் நூலகங்களில் மிஞ்சியதைச் சேர்த்து 1973-இல் ஸ்வான்சி பல்கலைக்கழகம் தொடங்கியதுதான் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம். அடுத்த பயணத்தில் கட்டுரையாளர் அங்கேயும் ஒரு நாள் ஒதுக்கினால், அதைப் படிக்க ஆவலாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நியூபோர்ட், வேல்ஸ்