ஊறவைத்த உறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் தபால் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே போன 1861 ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் (தனியார் அஞ்சல் கம்பெனி) உறை ஒன்றின் தபால் தலையை வெந்நீரில் ஊறவைத்து ‘சேதமில்லாமல்’ பிரித்தெடுத்ததாக உங்கள் கட்டுரையாளர் பெருமைப்பட்டிருக்கிறார். சேதமில்லாமலாம்!

அந்த ஜூனில் இரு தரப்புக்கும் இடையே அரசுத் தபால் நின்றது. ஆகஸ்ட் கடைசிவரை தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள்தான் தெற்கு நகரமான நாஷ்வில்லில் கடிதம் வாங்கி, எல்லை தாண்டி வடக்குப் பக்கத்து லூயிவில்லில் அமெரிக்கத் தபாலில் சேர்த்தன. அந்த ஏற்பாடு நீடித்தது ஏறக்குறைய மூன்றே மாதம். அந்த உறையில் இருந்திருக்கக்கூடிய 3 சென்ட் வாஷிங்டன் தலை சல்லிசாகக் கிடைக்கும். கம்பெனி முத்திரையும் லூயிவில் முத்திரையும் தலையும் ஒரே உறையில் இருந்ததுதான் சொத்து. மனிதர் நகையைக் கிணற்றில் போட்டுவிட்டு, சுற்றிவந்த ரோஸ் காகிதத்தைப் பீரோவில் பூட்டியிருக்கிறார்.

பன்னிரண்டு வயதில் நானும் இதைச் செய்தவன்தான். தாத்தாவின் ரங்கூன் கடிதங்களை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊறவைத்தேன். தலைகள் இன்றும் இருக்கின்றன. எந்தத் தேதியில் போட்டார் என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியாது. நான் அதைக் கட்டுரையாக எழுதிப் பெருமைப்படவில்லை.

அடிமைமுறைக்காகப் பிரிந்துபோனவர்களின் தபாலை ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று என் மகள் கேட்கிறாள். அது கேள்வி. உங்கள் இதழில் அதுகூட வருவதில்லை. தெற்கில் போர் முழுக்கக் கடிதக் கட்டணம் 5 சென்ட் என்று முன்பொரு பெட்டிச் செய்தி போட்டீர்கள். 1862 ஜூலை 1 முதல் அது 10 சென்ட். மிசிசிப்பி நதிக்கரையில் தெற்கின் கோட்டையாக இருந்த விக்ஸ்பர்க் நகரம் விழுந்தபின், அந்த நதியைக் கடக்கும் விரைவுத் தபாலுக்கு 40 சென்ட். தங்களுக்குத் தெரியாததா?

முந்தைய தீபாவளி மலருக்கு என் வால்பேப்பர் உறையின் புகைப்படங்கள் இரண்டை அனுப்பினேன். காகிதம் கிடைக்காமல் தெற்கத்தியர் சுவரில் ஒட்டும் தாளை மடித்து உறை செய்த காலம். மடிப்புக்குள் பச்சைக் கொடி, செம்பூ, ஓரத்தில் பசைக் கறை. அந்த உட்புறப் படத்தை நீங்கள் போடவேயில்லை. முன்புறப் படத்திலும் நகைக்கடை விளம்பரத்துக்கு இடம்விட்டு ஊர் முத்திரையை வெட்டிவிட்டீர்கள். போன் செய்தால், “ஸ்டாம்ப் தெரியுதே சார், போதாதா?” என்றார் ஒருவர்.

மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு படங்களையும் திருப்பி அனுப்பினால் போதும். தலை ஒட்டிய சுயமுகவரி உறை இணைத்துள்ளேன். தயவுசெய்து அதை ஊறவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மயிலாடுதுறை