லஸ்கர் மகள் எழுதுவது

நவம்பர் 9
ப்ளூமாஸ் மாவட்டம், கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. "அவ்வளவு தூரம் போய்ப் படிச்சது காட்டுக்குத் தீ வைக்கவா? பச்சை மரத்தைக் கொளுத்தினா பாவமில்லையா?" என்று கேட்டாள். குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் தீயில் மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்குக் காட்டுத்தீ என்றாலே நெஞ்சு படபடக்கும். எனக்குத் தெரியும். போனில் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படித்து அவளுக்கும் சொல்லுங்கள்.

நான் இருப்பது மலைமேல். இங்கே ஃபெதர் என்று ஒரு ஆறு. இறகு என்று அர்த்தம். அது இறங்கிப் போய் ஓரோவில் அணையில் சேர்கிறது. அணைச் சுவர் 770 அடி, இந்த நாட்டிலேயே உயரமானது. அங்கிருந்து பிரியும் வாய்க்கால்கள் கீழே சமவெளியில் எதற்குப் பாய்கின்றன தெரியுமா? நெல்லுக்கு! முதல் தடவை அந்தப் பக்கம் போனபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டு வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். அறுப்பு முடிந்த வயல் வாசனை அப்படியே நம்மூர்தான். முன்பெல்லாம் அவர்களும் தாளைக் கொளுத்துவார்களாம். புகை தாங்காமல் 1991ல் சட்டம் போட்டுக் குறைத்துவிட்டார்கள். இப்போது அறுப்பு முடிந்ததும் தண்ணீர் கட்டித் தாளை மட்க விடுகிறார்கள். வாத்தும் நாரையும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. தம்பியிடம் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்தது, மேட்டூருக்குக் குடகுமலை எப்படியோ அப்படித்தான் அந்த வயல்களுக்கு இந்த மலை. இங்கே காடு எரிந்து மண் சரிந்தால் அந்த அணையில்தான் வண்டல் சேரும்.

இந்தக் காட்டில் பெரும்பகுதி யாருடைய சொந்த நிலமும் இல்லை. தேசியக் காடு என்பார்கள். நம் பாஷையில் புறம்போக்கு. நாடு முழுவதும் இப்படி 19.3 கோடி ஏக்கர், தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. யார் வேண்டுமானாலும் போகலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம், மீன் பிடிக்கலாம். ஆற்றுப் புறம்போக்கைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, "எல்லாருக்கும் சொந்தம்னா பாக்கறதுக்கு ஆள் இல்லைன்னு அர்த்தம்" என்று. இங்கே வந்த பிறகு அதை நான் நிறையத் தடவை நினைத்துக்கொண்டேன்.

சரி, தீ விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காட்டு மரங்கள் தீயோடு வளர்ந்தவை. பான்டரோசா என்று ஒரு பைன் மரம் இருக்கிறது. பட்டை செங்கல் நிறத்தில் கனமாக இருக்கும். வெயில் ஏறியதும் பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை வரும், நம்பமாட்டீர்கள். கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிட்டு உயரப் போய்விடும். தரையில் ஓடும் சின்னத் தீ அதை ஒன்றும் செய்யாது, பட்டை கருகும், அவ்வளவுதான். பழைய மரத்தை அறுத்து வளையங்களைப் பார்த்தால் தீ பட்ட வடு வரிசையாகத் தெரியும். பல இடங்களில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒன்று. சிலது மின்னல் வைத்த தீ. மீதி இங்கே காலங்காலமாக இருந்த மைடு போன்ற பழங்குடி மக்கள் வைத்தது. கூடை பின்ன நேரான மிலாறு வேண்டும், மான் மேயப் புல் வேண்டும், அதற்காகப் பருவம் பார்த்து வைப்பார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து 1850ல் சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கிவிட்டார்கள். அந்த மக்களை விரட்டினார்கள், கொன்றார்கள். காட்டைப் பார்த்துக்கொண்ட கைகள் அப்படித்தான் போயின.

அப்புறம் 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அப்போது வனத்துறை தொடங்கி ஐந்து வருடம்தான். அந்தப் பயத்தில் எந்தத் தீயானாலும் அணைத்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1935ல் விதியே போட்டார்கள்: தீ என்று தகவல் வந்தால் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். பல பத்தாண்டுகள் அப்படியே போயிற்று. அணைத்ததில் ஜெயித்தார்கள்தான். ஆனால் எரிய வேண்டிய சருகும் சுள்ளியும் கன்றும் எரியாமல் சேர்ந்துகொண்டே வந்தன. முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் இன்று ஐந்து, ஆறு. தூர்வாராத வாய்க்காலைப் பார்த்திருக்கிறீர்கள். முதல் வருடம் தெரியாது, இரண்டாம் வருடம் தெரியாது. நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, கரை எது தரை எது என்று தெரியாமல் போன பிறகு ஒரு ஐப்பசி மழையில் மொத்தமும் உடைத்துக்கொண்டு போகும். இந்தக் காட்டின் கதையும் அதுதான்.

நெருக்கத்தில் நிற்கும் மரத்துக்கு வேருக்குத் தண்ணீர் போதாது. பட்டைத் துளைப்பான் என்று அரிசி அளவில் ஒரு வண்டு. தெம்புள்ள மரம் அது துளைக்கும்போது பிசினைச் சுரந்து வெளியே தள்ளிவிடும். வாடிய மரத்துக்கு ஏது பிசின்? 2012 முதல் 2016 வரை இங்கே கடும் வறட்சி. அதையொட்டி இந்த மாநிலத்தில் மட்டும் 12.9 கோடி மரம் செத்தது. கஜா புயலுக்குப் பிறகு விழுந்த தென்னைகளை அப்படியே போட்டுவிட்டு, அந்த மக்கலில் காண்டாமிருக வண்டு பெருகி, நின்ற தென்னைக் குருத்தையும் தின்றதே, பெரியப்பா தோப்பில் பார்த்தோமே. அதை மலை மலையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கஜா நம்மை அடித்தது 2018 நவம்பர் 16 விடிகாலை. அதற்கு எட்டு நாள் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி, இந்த மலையின் கீழ்ச்சரிவில் பாரடைஸ் என்ற ஊர் தீயில் போனது. 85 பேர் இறந்தார்கள். காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு விட்டவர்கள் மத்தியானத்துக்குள் ஊரே இல்லாமல் ஆனார்கள். 2021ல் டிக்ஸி தீ. மின்கம்பியில் ஒரு மரம் சாய்ந்ததில் ஆரம்பித்து 9.6 லட்சம் ஏக்கர். கிரீன்வில் என்ற பழைய ஊரின் கடைத்தெரு ஒரே சாயங்காலத்தில் சாம்பல். நான் இங்கே வேலைக்கு வந்தபோது அந்தத் தெருவில் படிக்கட்டுகள் மட்டும் இருந்தன. மேலே ஏறினால் வீடு இல்லை.

இனி என் வேலை. முதலில் சின்ன மரங்களைக் கழிக்கிறோம். பெரியதைத் தொடுவதில்லை. தரைத் தீ சிறுமரத்தில் ஏறி, அதிலிருந்து தாழ்ந்த கிளையில் ஏறி, உச்சிக்குப் போய்விட்டால் அப்புறம் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஏணியை எடுத்துவிடுகிறோம். வெட்டியதைக் குவியல் குவியலாக அடுக்கி மூடிவைத்து, மழையோ பனியோ விழுந்த பிறகு கொளுத்துவோம். கார்த்திகை மாதம்தான் வரும். இருட்டுகிற நேரத்தில் சரிவெங்கும் குவியல்கள் எரியும்போது நம் சிவன் கோயில் சொக்கப்பனை ஞாபகம் வந்துவிடும்.

அதன் பிறகுதான் தரைக்குத் தீ வைப்பது. அம்மா நினைப்பதுபோல் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போவதில்லை. நூறு ஏக்கர் எரிக்க ஒரு வருடத்துக்கு முன்பே திட்டம் எழுத வேண்டும். சுற்றிலும் சருகைச் சுரண்டி, வெறும் மண் தெரியும்வரை கோடு போடவேண்டும். அதற்கு ஒரு கருவி, ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி. புலாஸ்கி என்று பெயர். 1910 தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலரின் பெயர் அது. அன்று காலையில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றில் ஈரத்துணி சுற்றி, கையில் பிடித்துச் சுழற்றிக் காற்றின் ஈரத்தைப் பார்ப்போம். மணிக்கொரு தரம் பார்ப்போம். ஒரு மூலையில் கொஞ்சம் வைத்துப் பார்த்து, எதிர்பார்த்தபடி எரிந்தால்தான் மேலே. இல்லாவிட்டால் எல்லோரும் வீட்டுக்கு. கோயில் தீவட்டிக்காரரும் எண்ணெய் ஊற்றுகிறவரும் ஒரே ஆளானால் எப்படி, அப்படி ஒரு கேன் இருக்கிறது. டீசலும் பெட்ரோலும் கலந்தது, சாய்த்தால் எரிந்துகொண்டே சொட்டும். தீ மேட்டைப் பார்த்து ஓடும் என்பதால் உச்சியில் முதலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருவோம். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் அது சருகை மேய்ந்துகொண்டு இறங்கும். சத்தம்கூடப் பொரி பொரிவது போலத்தான்.

எனக்குப் பிடித்தது அதன் பிறகு வரும் வேலை. தீ அடங்கியதும் கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் சாம்பலைத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு தெரியாது. மரக்கட்டையின் வேருக்குள் தீ புகுந்துவிட்டால் மண்ணுக்கடியிலேயே நகர்ந்து, ஐந்தாறு நாள் கழித்துக் கோட்டுக்கு வெளியே தலைகாட்டும். அப்பா, நீங்கள் ராத்திரி டார்ச்சோடு கரையில் நடக்கும்போது வெறுங்காலால் ஈரம் பார்ப்பீர்களே, நண்டு வளை இருந்தால் பாதம் சொல்லிவிடும் என்று. நானும் சின்னப் பெண்ணாகப் பின்னாலேயே வருவேன். இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். என் அப்பா வாய்க்கால் லஸ்கர் என்றேன். லஸ்கர் என்றால் வாய்க்காலையும் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்கிற ஆள் என்று விளக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். போன அக்டோபரில் எங்கள் தீயிலிருந்து ஒரு பொறி கோட்டைத் தாண்டி, செத்த மரத்தின் உச்சியில் விழுந்தது. காற்று திடீரென்று திரும்பியது. மூன்று மணி நேரம் ஆறு பேர் அதை அடக்கப் பாடுபட்டோம். கால் ஏக்கர்தான் போயிற்று. ஆனால் அன்று ராத்திரி எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. நியூ மெக்சிகோவில் 2022 ஏப்ரலில் இப்படி வைத்த தீ கைமீறி, இன்னொன்றோடு சேர்ந்து 3.4 லட்சம் ஏக்கரை, நூற்றுக்கணக்கான வீடுகளைக் கொண்டுபோனது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. அங்கே வீடு இழந்தவரிடம் போய் இந்த முறை நல்லது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் நாங்கள் நாள் சரியில்லை என்றால் நாளைத் தள்ளிப்போடுகிறோம். இங்கே எரிக்காமல் திரும்பிய நாட்கள்தான் அதிகம்.

இங்கும் எதிர்ப்பவர்கள் உண்டு. கழிப்பதாகச் சொல்லிப் பெரிய மரங்களை மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வழக்குப் போடுகிறார்கள். அந்தப் பயத்தை நான் தப்பு சொல்லமாட்டேன், முன்பு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் காட்டைக் காப்பது என்றால் அதை ஏற்க முடியவில்லை. யோசமிட்டியில் மரிபோசா தோப்பு என்று ராட்சத செக்கோயா மரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஏறக்குறைய 3000 வயது. நம் பெரிய கோயில் கட்டும்போதே அதற்கு இரண்டாயிரம் வயது. 1970களிலிருந்து அங்கே அவ்வப்போது சின்னத் தீ வைத்துச் சருகைக் குறைத்து வந்தார்கள். 2022ல் பெருந்தீ தோப்புக்குள் வந்தபோது எரிய அவ்வளவாக ஒன்றும் இல்லை. தீ தாழ்ந்தது. அந்தக் கிழமரம் நிற்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, இப்படிப் பார்த்துக்கொள்ளாத வேறு தோப்புகளில் ஆயிரக்கணக்கான செக்கோயாக்கள் ஒரே தீயில் செத்தன. அம்மாவுக்கு என் பதில் இதுதான்.

எனக்கிருக்கும் குறை ஆள் குறைவு. செய்ய வேண்டியது லட்சக்கணக்கான ஏக்கர், நாங்கள் ஒரு பருவத்தில் முடிப்பது சில நூறு. தீ எரியும்போது ஹெலிகாப்டருக்குப் பணம் வந்துவிடுகிறது, முன்கூட்டியே சருகைக் குறைக்க ஒவ்வொரு வருடமும் கையேந்த வேண்டியிருக்கிறது. குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வருவார்கள் என்று தாத்தா சொன்னதை இங்கே கூட்டத்தில் சொன்னேன். அடுத்த வாரம் சனிக்கிழமை ஊர்க்காரர்கள் பதினோரு பேர் அரிவாளும் வாரியுமாக வந்து நின்றார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் எல்லோருக்கும் சூப் கொண்டுவந்தார்.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். நாங்கள் எரித்த இடம், ஆறு வாரம் கழித்து எடுத்தது. கறுப்புக்கு நடுவில் பச்சையாகத் தெரிவது புல். வலது ஓரத்தில் தலை மட்டும் தெரிவது மான்குட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வேலைக்குப் போகும்போது தீப்பிடிக்காத முழுக்கைச் சட்டைதான், நைலான் போடுவதே இல்லை. தலைமுடியைக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் வைத்துவிடுகிறேன். தையில் இருபது நாள் லீவு கேட்டிருக்கிறேன், பொங்கலுக்கு வந்துவிடுவேன். நம் மதகு ஷட்டரின் உடைந்த திருகை மாற்றினார்களா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதா, சம்பா நடவு முடிந்ததா? மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். நீங்கள் ரிட்டயரானாலும் கரையில் ஒரு நடை போகாமல் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். இருட்டிய பிறகு போனால் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்பு மகள்